நாட்டுப்புற மரச் சிற்பம் உண்மையிலேயே பழையதா என்று எப்படி அறிவது?

பழைய மரப் பொம்மைகளையும் செதுக்கல்களையும் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். போலியை இனங்காண வழி கேட்கிறீர்கள். முதலில் பொருளைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். போலி செய்பவர் பெரும்பாலும் அக்கறை காட்டாத இடம் அதுதான்.

மரம் உலரும்போது நார் ஓடும் திசையில் ஏறக்குறையச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் கடைசலில் வட்டமாக உருவான பழைய கிண்ணம் சற்றே நீள்வட்டமாகியிருக்கும். இரு திசையிலும் அளந்து பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆனால் ஈர மரத்தில் கடைந்த புதுக் கிண்ணமும் கோணும் என்பதால் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வில்போல் வளைந்த அறுப்புத் தடம் வட்ட ரம்பத்தைக் காட்டும். 19ஆம் நூற்றாண்டுக்கு முன் அது அரிது. கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள திருகாணி 1930களில்தான் பரவியது, ஆனாலும் அது பிற்காலப் பழுதுபார்ப்பாக இருக்கலாம்.

கை படும் இடங்கள் தேய்ந்திருப்பது இயல்பு. எட்டாத குழிகளும் அதே அளவு தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பூச்சித் துளையிலிருந்து புதிய தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கலாம், மற்றவற்றுக்குப் பரவாமல் அப்பொருளை உடனே தனியே வையுங்கள்.

ஒன்றை மன்றாடியே கேட்கிறேன்: பழைய வண்ணத்தைச் சுரண்டி மெருகேற்றாதீர்கள். சுரண்டிய வண்ணத்தை எந்தக் கைவினைஞராலும் திருப்பித் தர முடியாது.