புகை நெய்வேலியில் வரும்

கேள்வி: சிப்காட் ரசாயன ஆலைகளால் எங்கள் அப்பா தலைமுறை மூக்கைப் பொத்திக்கொண்டே வாழ்ந்துவிட்டது. இனியாவது டேட்டா சென்டர், செயற்கை நுண்ணறிவு என்று புகையும் கழிவும் இல்லாத தொழில்கள் கடலூருக்கு வரட்டுமே! போன இதழில் அதையும் குறை சொல்லியிருந்தீர்கள். வளர்ச்சி என்றாலே உங்களுக்கு ஆகாதா?
- பொறியியல் மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, அந்த நாற்றம் எனக்கும் பழக்கம்தான். மழை மூட்டமாக இருக்கும் நாளில் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு வழியாகப் பேருந்தில் போனால், யாரும் சொல்லாமலே எல்லோரும் ஜன்னல் ஷட்டரை இறக்குவார்கள். 2004இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் மக்களே வாளியும் பையும் வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நீங்கள் புகையில்லாத தொழில் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் நீங்கள் கேட்கும் தொழிலுக்கும் புகை உண்டு. கட்டடத்தின் மேல் தெரியாது, அவ்வளவுதான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நெய்வேலியில் தெரியும்.

டேட்டா சென்டர் என்பது கணினிகளை வரிசை வரிசையாக அடுக்கி இரவும் பகலும் ஓட்டும் கட்டடம். உலகத்தில் உள்ள டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து 2024இல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் எடுத்தன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். சின்னதுதானே என்று தோன்றும். 2030இல் அது 94,500 கோடி யூனிட் ஆகிவிடும் என்பதும் அதே முகமையின் மதிப்பீடு. ஜப்பான் நாடு மொத்தமும் இன்று செலவழிப்பதைவிடச் சற்று அதிகம். இந்த வேகத்துக்கு முக்கியமான காரணம் செயற்கை நுண்ணறிவு.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நெய்வேலியில் ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்தக் கரியை எடுக்க, மேலே கிடக்கும் மண்ணை அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தோண்டிக் கொட்டியாக வேண்டும். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்று சுரங்கத்துக்குள் பொங்கிவிடாமல் இருக்க, ராப்பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் கிணறு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்ற வேண்டும் என்று, பச்சையாக நின்ற நெல் வயலுக்குள் நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தார் பொக்லைன்களை இறக்கினார்கள். நிலத்துக்கு எப்போதோ பணம் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். சரி, நிலம் உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். அறுக்கும்வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே வேதனைப்பட்டுக் கேட்டது. அந்த நெல் செயற்கை நுண்ணறிவுக்காக அழிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கு மின்சாரப் பசி இரண்டு மடங்கானால் அடுத்த வளையமாதேவி எது என்பதுதான் எனக்குக் கவலை. சென்னைப் பக்கம் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர் கட்டடம் எழும்போது கடலூர் மாவட்டத்தில் பள்ளம் ஆழமாகிறது. கம்பியில் கலந்த பிறகு எந்த யூனிட் எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் தண்ணீர். இரவும் பகலும் ஓடுகிற கணினிகள் கொதிக்கும். பல இடங்களில் அவற்றைத் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறார்கள். ஆவியாகப் போனது திரும்ப வராது. 2022இல் தன் டேட்டா சென்டர்களும் அலுவலகங்களும் பயன்படுத்திய தண்ணீர் சுமார் 2,100 கோடி லிட்டர் என்று கூகுள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. நம் வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குழாயில் கொண்டுபோகத் திட்டமிட்டது நாளுக்கு 18 கோடி லிட்டர். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட நான்கு மாதத் தண்ணீர். கடலோரத்தில் போர்வெல் போட்டால் உப்பு ஏறும் ஊர் நம்முடையது. இங்கே ஒரு டேட்டா சென்டர் வந்தால் எந்தத் தண்ணீரைக் கொடுப்பீர்கள்?

வேலை கிடைக்குமே என்பீர்கள். கட்டும்போது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கிடைக்கும். கட்டி முடித்த பிறகு பாதுகாவலர், எலக்ட்ரீஷியன், பராமரிப்பு ஆட்கள் என்று கொஞ்சம் பேர்தான். செயற்கை நுண்ணறிவில் உண்மையாகவே ஆள் தேவைப்படும் வேலை வேறு ஒன்று இருக்கிறது. அதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் தங்கை மகள் பண்ருட்டிக்காரி, பி.எஸ்சி. முடித்தவள். செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகப் படங்களுக்குக் குறியிடும் வேலை ஒரு நிறுவனத்தில் கிடைத்தது. சாலைப் படத்தில் மாடு எங்கே, பைக் எங்கே, ஆள் எங்கே என்று மவுஸால் கட்டம் போட வேண்டும். மாட்டின் வால் கட்டத்துக்கு வெளியே போய்விட்டால் அந்தத் தொகுப்பே திரும்பி வந்துவிடும், காசு கிடையாது. அதையாவது சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு வீடியோக்களைப் பார்த்து ‘இது வன்முறை, இது ஆபாசம்’ என்று பிரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நாலு மாதம் கழித்து வேலையை விட்டு வந்தபோது தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். “கண்ண மூடுனா அதே ஓடுது மாமா” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. சாட்ஜிபிடி அசிங்கமாகப் பேசாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, கென்யாவில் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலிக்கு ஆட்களை வைத்துக் கொலை, சித்திரவதை, குழந்தைகள் மீதான வன்கொடுமை பற்றிய வரிகளைப் படிக்க வைத்தார்கள் என்பது 2023 ஜனவரியில் டைம் இதழ் வழியாக வெளியே வந்தது. அந்த ஊழியர்களில் சிலர் மனம் உடைந்துபோனதைத் தாங்களே சொன்னார்கள். எந்திரம் தானாகக் கற்றுக்கொண்டது என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கழிவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணினி பழசானால் அதுவும் கழிவுதான். 2022இல் உலகம் தூக்கிப்போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் இருப்பது நூற்றுக்கு 22 பங்குதான். மிச்சத்தில் ஒரு துளியை நம் ஊர் காயலான் கடைகளில் பார்க்கலாம். கெடிலம் ஆற்றுக் கரையில் ஒரு சாயங்காலம், ஒயர் சுருளைக் கொளுத்திச் செம்பு எடுத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். தீ பச்சையாக எரிந்தது. பக்கத்தில் போனால் நெஞ்சை அடைத்தது. இப்படிக் கொளுத்துவது சட்டப்படி தவறு. அவனுக்கு அது அன்றைய சாப்பாடு.

செயற்கை நுண்ணறிவு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. ஸ்கேன் படத்தில் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவினால் முதலில் சந்தோஷப்படுவது சிப்காட்டைச் சுற்றி இருப்பவர்களாகத்தான் இருக்கும். செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் போன இதழில் கேட்டேன்.

நீங்கள் பொறியியல் படிப்பவர், எண் உங்களுக்குப் பயம் இல்லை. அதனால் ஒரு வேலை சொல்கிறேன். இப்படிப்பட்ட வளாகங்கள் கட்டடத் திட்டம் என்ற வகையில் அனுமதி கேட்டால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை. ஆகவே நம் பக்கம் ஒரு டேட்டா சென்டர் வரப்போகிறது என்று காதில் விழுந்தவுடன் கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். மாதம் எத்தனை யூனிட், அது எங்கிருந்து? நாளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எந்தப் போர்வெல்லிலிருந்து? மின்தடைக்கு வைக்கும் ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல்? நம் ஊர்க்காரர் எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு வேலை? பழைய கணினிகள் எங்கே போகும்? வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். வாங்கிவிட்டால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் போடுகிறேன்.