ஜோகன்னஸ்பர்க் குளிரில் ஆடிக் கூழ் புளிக்க என்ன வழி?

கேள்வி: டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குக் குடிவந்துவிட்டோம். ஆடி மாதம் மாரியம்மனுக்கு அம்மா காய்ச்சும் கூழுக்கு அங்கே மாவு ஓர் இரவில் புளித்துவிடும். இங்கே புளிப்பதே இல்லை. வாசலில் கட்ட சிரிங்கா இலையும் கிடைக்கவில்லை. மரத்தில் மஞ்சள் காய்கள் மட்டும் தொங்குகின்றன. பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் அவற்றைக் கோத்துத் தோரணம் கட்டலாமா என்கிறார்கள்.

பதில்: காயை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். வேப்பிலைக்குப் பதிலாக நம்மவர்கள் கட்டும் சிரிங்கா, வேம்பின் உறவுமரம்தான். ஆனால் அதன் காய் நஞ்சு. காய்ந்து சுருங்கினாலும் நஞ்சு போகாது. விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிகமானால் வலிப்புவரை போகும். நாய்க்கும் ஆபத்து. கொட்டையின் நடுவில் இயல்பாகவே துளை இருப்பதால் பல நாடுகளில் அதை மணிமாலையாகக் கோர்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. இருந்தாலும் சதையை நீக்கிச் சுத்தம் செய்வது சின்னக் கைகளுக்கான வேலை அல்ல.

இனி கூழ். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 டிகிரிச் சூடு வேண்டும். ஜூலை இங்கே குளிர்காலம்; இரவில் டர்பனில் சுமார் 11 டிகிரி. ஜோகன்னஸ்பர்க்கில் 4 டிகிரிக்கு இறங்கும். அம்மாவின் கைப்பக்குவத்தில் குறை இல்லை, சூடுதான் போதவில்லை.

அரை கிலோ மீலி மீலை (மக்காச்சோள மாவு) ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். விரல் வைத்தால் இதமாக இருக்க வேண்டும்; கொதிநீர் ஊற்றினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். போன முறை புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துவைத்திருந்தால் அதைச் சேருங்கள், அதுதான் நல்ல உறை. இல்லையென்றால் 2 மேசைக்கரண்டி மாஸ் (புளித்த பால்) போதும். மண்சட்டி, கண்ணாடி, எவர்சில்வர் எதுவும் ஆகும்; புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், அது வேண்டாம். பாத்திரத்தை மூடி, ஐஸ் பெட்டிக்குள் (சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் கூலர் பெட்டி) இரண்டு வெந்நீர்ப் போத்தல்களோடு வைத்துக் கம்பளியால் சுற்றிவிடுங்கள். காலையும் இரவும் வெந்நீரை மாற்றினால் இரண்டு நாளில் நுரைத்து, புளித்த வாசனை வரும். மேலே தெளிந்த நீர் நிற்பது இயல்பு. இளஞ்சிவப்போ கருப்போ பூசணம் தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

அவசரத்துக்கு வினிகர் ஊற்றுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை, அந்தப் புளிப்பு நாக்கோடு நின்றுவிடும். ஆனால் ஐஸ் பெட்டியும் போத்தலும் பழக்கத்தை மாற்றுவதாக அம்மா வருத்தப்பட வேண்டாம். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக டர்பனுக்கு வந்தவர்களின் வழிவந்தோர், கேழ்வரகுக் கூழை இந்த மண்ணின் மக்காச்சோள மாவில் காய்ச்சப் பழகியவர்கள்தானே.

மூன்று லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு, புளித்த மாவைக் கட்டிதட்டாமல் கிளறியபடி ஊற்றி, அரை மணி நேரம் சிறுதீயில் வேகவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகே மாஸ், உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம். சூட்டில் ஊற்றினால் மாஸ் திரிந்துவிடும்.

தோரணத்துக்கு மாவிலை கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமென்றால் பழைய வெள்ளைப் பருத்தித் துணியை இலை வடிவில் வெட்டி, மஞ்சள்தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் காயவிடச் சொல்லுங்கள் (வெந்நீரை மட்டும் நீங்கள் ஊற்றுங்கள்). பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துப் பொட்டு வைத்தால், மஞ்சள் மேல் செம்பொட்டாக மாறும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்து குங்குமம் சிவப்பதும் இதே வினைதான். பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள். மஞ்சள் சாயம் வெயிலில் வெளுக்கும், ஆகவே நிழல் விழும் நிலைப்படியில் கட்டுங்கள்.