வீட்டு மைக், வெப்கேம், ஏஐ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆன்லைன் வகுப்பு, நேர்காணல், யூடியூப் என்று வீட்டிலிருந்து பேசுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். “எந்த மைக் வாங்கலாம்?” என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், மன்னிக்கவும். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு வாங்கும் தேவையே இல்லை.

கேள்வி: வணக்கம் சார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூமில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். லேப்டாப் மைக்தான். ஃபேன் சத்தம், குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் கேட்கிறதாம். கிரிஸ்ப் என்ற இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட வேண்டுமா, ஜூமில் இருப்பதே போதுமா?

பதில்: ஃபேனுக்கும் குக்கருக்கும் ஜூமே போதும். செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய், பின்னணி இரைச்சலைக் குறைக்கும் அளவை ‘ஹை’யில் வையுங்கள். டிவிதான் தகராறு. இந்த மென்பொருள்கள் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்குகின்றன. ஆர்என்என்னாய்ஸ் என்ற இலவச ஏஐ மாடலில் ஒரு துண்டு 10 மில்லி விநாடி. ஒவ்வொரு துண்டிலும் எந்த அலைவரிசையில் பேச்சு இருக்கிறது, எதில் இரைச்சல் இருக்கிறது என்று கணித்து, இரைச்சலை மட்டும் அமுக்கும். சீராக ஓடும் ஃபேன் உடனே மாட்டிக்கொள்ளும். டிவியில் செய்தி வாசிக்கிறவரோ மனிதர். அவர் குரலை ஏன் அமுக்க வேண்டும் என்று மாடலுக்குப் புரியாது. பிறர் குரலை நீக்கும் வசதி கிரிஸ்பில் தனியாக உண்டு, ஆனால் இலவசத் திட்டத்துக்கு நேர வரம்பு இருக்கிறது.

அதற்கு முன் மைக்கைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். லேப்டாப் மைக் வாயிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. பழைய வயர் இயர்போனின் மைக் அரை அடியில் இருக்கும். தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும். இரண்டடி அரை அடியானால் 12. டிவி சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது மைக் அளவைக் குறைத்தால் டிவியும் சேர்ந்து அமுங்கிவிடும்.

கிரிஸ்ப் போடுவதென்று முடிவு செய்தால் ஜூமின் அளவை ‘லோ’வுக்கு இறக்கிவிடுங்கள். ‘ச’, ‘ஷ’, ‘ஃப’ போன்ற ஒலிகள் இயல்பிலேயே காற்றிரைச்சல் மாதிரிதான். இரண்டு மென்பொருள் மாற்றி மாற்றிக் கடித்தால் ‘சமம்’ என்பது ‘அமம்’ ஆகிவிடும். கணக்கு வகுப்புக்கு அது ஆகாது.

கேள்வி: விலை உயர்ந்த புளூடூத் இயர்பட்ஸ் வைத்திருக்கிறேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. மீட்டிங்கில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்கிறார்களே?

பதில்: மைக்கை இயக்கியதும் வழக்கமான புளூடூத், பாட்டுக்கான முறையை விட்டு போன் பேச்சுக்கான முறைக்கு இறங்கிவிடும். ஒலி மோனோவாகி, மேல் அலைவரிசைகள் போய்விடும். கேட்பதற்கு இயர்பட்ஸை வைத்துக்கொண்டு, மைக்காக லேப்டாப்பையோ யூஎஸ்பி மைக்கையோ தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் கற்றுத்தருகிறேன். அமெரிக்காவில் நான்கு குழந்தைகள். சுருதிப்பெட்டி சில நொடியில் மறைந்துவிடுகிறது, நீண்ட கார்வை நடுவில் அறுந்துபோகிறது. ஏஐ மென்பொருள் ஏதாவது போட்டால் சரியாகுமா?

பதில்: அம்மா, உங்களுக்கு ஏஐ கூடுதலாக வேண்டாம். இருப்பதை அணைக்க வேண்டும். தம்பூராவின் சிறப்பே மாறாமல் ஒலிப்பது. இரைச்சல் நீக்கியின் கண்ணுக்கு அதுவும் ஃபேனும் ஒன்று. அசையாமல் பிடித்த ஸட்ஜமத்தையும் அது கொஞ்ச நேரத்தில் சந்தேகப்படும்.

ஜூம் ஆடியோ செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள ‘ஹை ஃபிடெலிட்டி’யையும் டிக் செய்யுங்கள். வகுப்பு தொடங்கியதும் மீட்டிங் திரையில் அதே பெயரில் ஒரு பொத்தான் தெரியும். அது ‘ஆன்’ என்று காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். குழந்தை பாடும்போது அந்த வீட்டிலும் இதே அமைப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுடைய சுருதி உங்களுக்கு அறுந்துதான் வரும். இரு பக்கமும் ஹெட்போன் போடுங்கள். இந்த அமைப்பில் எக்கோ நீக்கியையும் அணைத்த பிறகு அவர்கள் ஸ்பீக்கரில் கேட்டால் உங்கள் குரல் உங்களிடமே திரும்பி வரும். கூகுள் மீட்டில் நாய்ஸ் கேன்சலேஷனை அணைத்தால் போதும். மேக், ஐபோனில் மைக் மோடை ‘வைட் ஸ்பெக்ட்ரம்’ ஆக்குங்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து பாடுவது மட்டும் நடக்காது. ஒலி கடல் தாண்டிப் போய்த் திரும்பும் தாமதத்தை எந்த மென்பொருளும் விழுங்க முடியாது. நீங்கள் பாட, அவர்கள் கேட்டுத் திருப்பிப் பாடட்டும்.

கேள்வி: ட்யூப் லைட் போட்டால் வெப்கேம் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. இதை நீக்கும் ஏஐ இருக்கிறதா?

பதில்: ஏஐ எதற்கு? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. கேமரா அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கணக்கில் இருந்தால் கோடு ஓடும். ஓபிஎஸ் என்ற வீடியோ பதிவு மென்பொருளில் கேமராவின் ‘கான்ஃபிகர் வீடியோ’வைத் திறந்து பவர்லைன் ஃபிரீக்வென்சியை 50 ஆக்குங்கள். முடிந்தது.

கேள்வி: முகம் இருட்டாக, மணல் தூவினாற்போல் தெரிகிறது. 4கே வெப்கேம் வாங்கவா, என்விடியா பிராட்காஸ்ட் என்ற ஏஐ மென்பொருளைப் போடவா?

பதில்: முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள். சிரிக்காதீர்கள், லேப்டாப் மூடியைத் திறக்கும் கட்டைவிரல் பெரும்பாலும் அங்கேதான் படும். வெப்கேம் சென்சார் மிகச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் அது சிக்னலைப் பெருக்கும், கூடவே மணலும் பெருகும். மென்பொருள் அந்த மணலை வழித்தெடுக்கும்போது கன்னமும் புருவமும் மெழுகாகிவிடும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி உட்காருங்கள். இரவில் மேஜை விளக்கை எதிர்ச் சுவரில் படும்படி திருப்பினால் அது மென்மையாக முகத்துக்கு வரும்.

4கே வீண்செலவு. அழைப்புச் செயலிகள் அனுப்புவது பெரும்பாலும் 720பி என்ற குறைந்த தெளிவில்தான், சின்னக் கட்டத்துக்கு அதைவிடக் குறைவு. கையில் இருக்கும் போன் கேமரா பெரும்பாலான வெப்கேமை விட மேல். ஆண்ட்ராய்டுக்கு டிராய்ட்கேம், ஐரியன் என்ற செயலிகள் உண்டு. ஐபோன் எக்ஸ்ஆர் முதலானவை 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து தாமாகவே வெப்கேமாக இணையும். என்விடியா பிராட்காஸ்டுக்கு கணினியில் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு இருந்தே ஆக வேண்டும். அது இருந்தால் அதன் மைக் இரைச்சல் நீக்கியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நன்றாக இருக்கும்.

கேள்வி: பின்னணியை மங்கலாக்கினால் தலையில் வைத்த மல்லிகைப்பூ காணாமல் போய்விடுகிறது!

பதில்: கூகுளின் மீடியாபைப் மாடலை எடுத்துக்கொண்டால், அது உங்கள் படத்தை 256-க்கு 256 புள்ளியாகச் சுருக்கித்தான் ஆள் எது, சுவர் எது என்று பிரிக்கிறது. அந்த அளவில் மல்லிகைச்சரம் சில புள்ளிகள்தான். பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். அடர் நிறத் திரைச்சீலை முன் உட்காருங்கள், அல்லது மங்கலை விட்டுவிட்டு அலமாரியை அடுக்கிவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கேள்வி: அண்ணா, நேர்காணலில் கண்ணைக் கேமராவை நோக்கித் திருப்பும் ‘ஐ கான்டாக்ட்’ போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. குறிப்பைப் பார்க்கும்போதும் விழி நேராக நிற்பது எதிரே இருப்பவருக்கு உறுத்தும். திரையில் அழைப்பு ஜன்னலைச் சிறிதாக்கி கேமராவுக்கு நேர் கீழே நகர்த்துங்கள், போதும்.

கேள்வி: ஓபிஎஸ்ஸில் ஃபில்டர் போட்டுக் குரலைச் சரி செய்தேன். விர்ச்சுவல் கேமரா வழியாக ஜூமில் படம் போகிறது, குரல் மட்டும் பழையபடியே இருக்கிறது.

பதில்: விர்ச்சுவல் கேமரா படத்தை மட்டும்தான் சுமக்கும். ஒலியை ஜூமுக்கு மைக் போலக் கொண்டுசேர்க்க, விபி கேபிள் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஓபிஎஸ்ஸில் மானிட்டரிங் சாதனமாக ‘கேபிள் இன்புட்’, மைக்குக்கு ‘மானிட்டர் ஒன்லி’, ஜூமில் மைக்காக ‘கேபிள் அவுட்புட்’. பேசும்போது ஓபிஎஸ் அளவுப் பட்டை மஞ்சளில் ஆட வேண்டும், சிவப்பைத் தொட்டால் குறையுங்கள்.

கேள்வி: வெற்று அறையில் பதிவு செய்த பேட்டி, எதிரொலி தாங்கவில்லை. மறுபடி எடுக்க முடியாது.

பதில்: அடோபி பாட்காஸ்டின் ‘என்ஹான்ஸ் ஸ்பீச்’ இதற்குக் கைகொடுக்கும். ஆனால் அது குரலைக் கிட்டத்தட்டப் புதிதாகவே கட்டுகிறது. தெளிவில்லாத இடத்தை ஊகித்து நிரப்பும். ஊர்ப்பெயர், ஆள்பெயர் வரும் இடங்களை அசலோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கோப்பு அவர்களுடைய சர்வருக்குப் போகிறது என்பதால், பேட்டி கொடுத்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அசல் பதிவை அழிக்க வேண்டாம், அடுத்த வருடம் இதைவிட நல்ல கருவி வரலாம்.