கேள்வி-பதில்: விதி மாறினால் வாங்கிய மோட்டாரை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் குழு 1/10 அளவு ரிமோட் கார்களைப் பாடசாலை மண்டபத்தில் ஓட்டுகிறது. இதுவரை 540 என்ற அளவிலான சாதாரண பிரஷ் மோட்டாருக்கு மட்டுமே அனுமதி. அடுத்த பருவத்திலிருந்து 21.5 கம்பிச் சுற்றுள்ள, காபன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வேண்டும், அதுதான் செலவைக் குறைக்கும் என்கிறார்கள். போன மாதம்தான் இரண்டு மோட்டார் வாங்கினேன்.
— ஹட்டன் வாசகர்

பதில்: அவர்கள் சொல்வது பாதி உண்மை. பிரஷ் மோட்டாரில் காபன் உரசித் தேய்வதால் ஓட ஓட வலு குறையும். மூடி அடைத்த மலிவு மோட்டாரில் காபனை மாற்றவும் வழியில்லை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு மோட்டார்கூட ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை என்பதால், வசதியுள்ளவர் ஐந்தாறு வாங்கிச் சோதித்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுவார். மலிவுப் பிரிவில் காசு வெல்வது இப்படித்தான். பிரஷ்லெஸ்ஸில் அந்தத் தேய்மானம் இல்லை.

ஆனால் பிரஷ் மோட்டாருக்கென்றே செய்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் பிரஷ்லெஸ்ஸை ஓட்ட முடியாது. புதிய கருவி, அதை மோட்டாரோடு இணைக்கும் சென்சர் வயர், மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பற்சக்கரமான பினியன் எல்லாம் வாங்கிய பின்னரே கார் ஒழுங்காக ஓடும். அந்தக் கருவி டைமிங்கைக் கூட்டி மோட்டாரின் வேகத்தை ஏற்றாத நிலையில் இருப்பதைக் காட்டும் சிறு விளக்கு, புறப்படும் கோட்டில் மினுங்க வேண்டும் என்றும் விதியில் எழுத வேண்டும். இல்லையேல் மோட்டாரில் மிச்சம் பிடித்த பணம் விலையுயர்ந்த கருவிக்குப் போகும்.

எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. விதி மாற்றத்தை முன்மொழிபவரின் பெட்டியில் அந்தப் புதிய பொருள் ஏற்கெனவே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வாக்கெடுப்புக்கு முன்னர் முழுச் செலவையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து கடைசி இடத்தில் ஓடும் பையனால் அதைத் தாங்க முடியுமா என்று கூட்டத்திலேயே கேளுங்கள். ஒரு பருவத்துக்காவது இரண்டு மோட்டார்களுக்கும் தனித்தனிப் பட்டியல் வைப்பதே நியாயம். பெட்டி பிரிக்காத மோட்டாரைப் பற்றுச்சீட்டோடு கடைக்குக் கொண்டுபோய், மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 6000 எம்.ஏ.எச்., 100 சி என்று அச்சிட்ட லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி இரண்டே வாரத்தில் வீங்கிவிட்டது. கடைக்காரர் நான் பிழையாக சார்ஜ் செய்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.
— பண்டாரவளை வாசகி

பதில்: 6000 எம்.ஏ.எச். என்பது 6 அம்பியர் மணிக் கொள்ளளவு, 100 சி என்பது அதன் நூறு மடங்கு மின்னோட்டம்; அந்த அச்சை அப்படியே நம்பினால் உங்கள் பற்றரி 600 அம்பியர் தர வேண்டும், அவ்வளவு மின்னோட்டத்தை அதன் வயரே தாங்காது. ஏமாற்று அங்கேயே தொடங்கிவிட்டது. லிப்போவுக்கென உள்ள சார்ஜரில், ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் சார்ஜ் செய்திருந்தால் உங்கள் மீது குற்றமில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கிய மூன்று மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனையும் கேட்கலாம். பற்றுச்சீட்டையும் அச்சு தெரியும் படத்தையும் இணையுங்கள். வீங்கியதை இனி சார்ஜ் செய்யாமல், மணல் போட்ட சட்டியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். இதே மாதிரியான பளபளப்பு உறையைப் பார்த்து நான் வாங்கிய ஒன்றும் எங்கள் கொல்லையில் அப்படித்தான் கிடக்கிறது.

கேள்வி: கொழும்பு நண்பர் நைட்ரோ எரிபொருளில் ஓடும் பழைய ரிமோட் காரை மலிவாகத் தருகிறார். எங்கள் குழுவில் நைட்ரோ பிரிவு இல்லை. வாங்கலாமா?
— நுவரெலியா வாசகர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: மென்மையான டயருக்கு விதி மாறுகிறது என்று வட்ஸ்அப்பில் கேள்விப்பட்டு நான்கு சோடி வாங்கினேன். இறுதியில் வேறு டயரைத் தீர்மானித்துவிட்டார்கள். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். முறையிடலாமா?
— தலவாக்கலை வாசகர்

பதில்: எதைப் பற்றி முறையிடுவீர்கள்? டயரில் பழுதில்லை, விலையில் ஏமாற்றில்லை, கடைக்காரர் பொய் சொல்லவுமில்லை. கூட்டம் முடியும்வரை பொறுக்க முடியாதவர் ஒரு சோடியோடாவது நின்றிருக்கலாம். பயிற்சியில் ஓட்டித் தேயுங்கள்.

கேள்வி: குறைந்தபட்ச எடை விதி வரப்போகிறது. எந்தத் தராசு வாங்குவது?
— பதுளை வாசகர்

பதில்: ஐந்து கிலோ வரை, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறை மின்தராசு போதும். ஆளுக்கொன்று வாங்க வேண்டாம்; குழுவின் தராசு காட்டுவதே முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் முடிந்த கையோடு, பற்றரியைக் கழற்றாமல் நிறுக்க வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதிவிடுங்கள்.