பின்பக்கத்தைத் தேய்க்கும் தோட்டத்து நாய்: பிதுக்குவதா, அறுப்பதா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் எட்டு ஏக்கர் தோட்டமும் ஆடு மேய கொஞ்சம் கொறங்காடும் இருக்குதுங்க டாக்டர். தென்னை, 40 செம்மறி, ரெண்டு எருமை. பட்டிக் காவலுக்கு ஒரு நாய், ராஜபாளையம் கலப்பு, நாலு வயசுக் கடுவன், எடை 22 கிலோ. மூணு மாசமா பின்பக்கத்தைத் தரையில தேய்ச்சு இழுத்துக்கிட்டே போகுது. வாலடியை ஓயாம நக்குது. கிட்டப் போனா கருவாட்டு நாத்தம். திருப்பூர்ல ஒரு நாய்க் கடைக்குக் கொண்டு போனதுக்கு, ‘கிளாண்ட் அடைச்சிருக்குது’ன்னு பிதுக்கி விட்டாங்க. இருபது நாள்ல மறுபடியும் அதே பாடு. இப்படி நாலு தடவை ஆச்சு, தடவைக்கு 400 ரூபாய். பூச்சியா இருக்குமோன்னு ஆட்டுக்கு ஊத்தற மருந்தையும் ஊத்திப் பார்த்தேன். மச்சான் கறிக்கடை வெச்சிருக்கறதால தீனிக்குக் குறையில்லீங்க, தினமும் ஒரு போசி கோழிக் கழிவு, ராத்திரிக்கு மிச்சச் சோத்துல பால். கடைக்காரர் தானியமே சேராத வெளிநாட்டுத் தீவனம் போடச் சொல்றார், மூட்டை ஆறாயிரத்துக்கு மேல. இல்லேன்னா ஆபரேசன் பண்ணிச் சுரப்பியையே எடுத்துடலாம்ங்கறார். எதைச் செய்யட்டுங்க? போன மழைக்கு ரெண்டு ஆட்டுக்குட்டி வேற சுத்திச் சுத்தி வந்து செத்துப்போச்சு, மனசே சரியில்லை.

பதில்: மூட்டையும் வேண்டாம், ஆபரேசனும் இப்போதைக்கு வேண்டாம். கடையில் பிதுக்குவதையும் இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் கேட்டது சுரப்பியைப் பற்றி. எனக்குப் பெரிதாகப்படுவது, போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்கள்: அந்த ஒரு போசி கழிவு, ஆட்டு மருந்து, சுற்றிச் செத்த குட்டிகள்.

முதலில் கேட்டதற்குச் சொல்கிறேன். நாயின் மலவாய்க்கு இரு பக்கமும் சற்றுக் கீழே, கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடங்களில், தோலுக்கு உள்ளே இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் நாற்றமுள்ள ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். நாய் இறுகலாக மலம் கழிக்கும்போது அந்த மலமே பைகளை அழுத்தி நீரை வெளியேற்றிவிடும். மலம் கூழாகப் போனால் அழுத்தம் கிடைக்காது. நீர் தேங்கும், கெட்டிப்படும், வாய் அடைக்கும், கிருமி புகும், கடைசியில் பக்கவாட்டில் சீழ்க்கட்டியாக வீங்கி உடையும். உங்கள் நாய் தேய்ப்பதும் நக்குவதும் உள்ளே இருக்கும் அந்த இறுக்கத்தைத் தாங்க முடியாமல்தான்.

தெரியாத கை திரும்பத் திரும்பப் பிதுக்கினால் பையின் வாயே புண்ணாகி வீங்கிக் குறுகிவிடும். அப்புறம் அது தானாக வடிவதற்கு வழியே இருக்காது. இருபது நாளைக்கு ஒருமுறை நிறைவதற்குக் காரணம் தீனி பாதி, அந்த விரல் பாதி என்றுதான் நான் சொல்வேன். குளிப்பாட்ட வந்த நாய்க்கெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ‘கிளாண்ட் எடுத்து’ விடுகிறார்கள். நன்றாக இருக்கும் பையைத் தொடவே கூடாது. அடைத்திருந்தால் கால்நடை மருத்துவர் கையுறை போட்டு, உள்ளே விரல் விட்டு, ஒரு தடவை முழுசாக எடுத்து, வருவது எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். மெல்லிய மஞ்சள் பழுப்பு நீரென்றால் பயமில்லை. பசையாகவோ சீழாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் மயக்க ஊசி போட்டுப் பையைக் கழுவி, உள்ளேயே மருந்து வைப்பார். இந்த வாரமே அதைச் செய்துகொள்ளுங்கள். அதுவரை வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து, காலையும் மாலையும் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். கட்டி உடைந்திருந்தால் மஞ்சள், வேப்பெண்ணெய், பினாயில் எதையும் அப்பாதீர்கள். அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள். ஈ மொய்த்துப் புழு வைக்க நம் வெயிலுக்கு ஒரு பகல் போதும். வீட்டில் இருக்கிற வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள், இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாலு வயசுக் காவல் நாய்க்கு மலம் ஏன் இறுகவில்லை?

நாளைக் காலை தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால் அது ஒதுங்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நல்ல மலம் உருண்டு நீண்டு, ஒன்றிரண்டு துண்டாக இருக்கும். காகிதத்தை வைத்து எடுத்தால் முழுசாக வரும், மண்ணில் ஈரத் தடம் லேசாகத்தான் நிற்கும். எடுக்கும்போதே நசுங்கி, எண்ணெய் மினுக்கோடு, சளி படிந்து மண்ணோடு ஒட்டினால் தீனி தப்பு. உங்கள் நாயுடையது இரண்டாவது வகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கறிக்கடைக் கழிவு என்று நாம் வாங்கி வருவதில் தோலும் கொழுப்பும் குடலும்தான் முக்கால்வாசி. சதை பேருக்குத்தான். அத்தனை கொழுப்பு தினமும் போனால் மலம் இளகும், உடம்பு ஊதும், என்றாவது ஒருநாள் கணையம் வீங்கி நாய் வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்துவிடும். பச்சைக் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். நாய் தாங்கினாலும், அதன் வாயை நக்கவிடும் உங்கள் பிள்ளை தாங்காது. ‘கோழிக் கழிவு போட்டாத்தான் நாய் ரோசமா இருக்கும்’ என்ற பேச்சைப் பல்லடத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் கேட்டிருக்கிறேன். ரோசம் கழிவிலிருந்து வருவதில்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் நாய்க்கூட்டம் பட்டி புகுந்து ஆடுகளைக் குதறுகிறது என்று விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்து போராடுகிறோம். அதே ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை மூட்டையாகக் கோழிக் கழிவைப் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் மேட்டில் கொட்டிவிட்டுப் போகிறவர்களை யாரும் தடுத்துக் கேட்பதில்லை. அந்தக் கூட்டங்களை வளர்ப்பது அந்த மூட்டைகள்தான். உங்கள் மச்சானிடம் கழிவைக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லுங்கள்.

பாலுக்கு வருகிறேன். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காது. எருமைப் பால் என்றால் கொழுப்பும் சேர்ந்து போகிறது. பாலை நிறுத்தி, நன்றாகக் கடைந்து வெண்ணெய் எடுத்த மோரைக் கொஞ்சமாக ஊற்றுங்கள். மிச்சக் குழம்புச் சோறும் கூடாது. நம் வீட்டுக் குழம்பில் சின்ன வெங்காயம் இல்லாமல் எது? வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது.

தோட்டத்து நாய்க்குத் தனி உலை வையுங்கள் என்பது நான் எல்லோரிடமும் விடாமல் சொல்வது. கம்பும் சோளமும் ராகியும் நமக்குச் சாப்பாடாக இருந்தபோது நாய்க்கும் அதுதான் விழுந்தது. அந்தத் தீனியில் புரதம் குறைவு, ஆனால் நார் இருந்தது. இப்போது தீட்டிய ரேசன் அரிசிச் சோறும் கோழித் தோலும் விழுகின்றன, நார் என்பதே இல்லை. மலத்துக்குப் பருமன் தருவது நார்தான், அந்தப் பருமன்தான் பைகளை அழுத்தும்.

22 கிலோ காவல் நாய்க்கு ஒரு நாளைக்கு இப்படி வைக்கலாம். கம்பு நொய் 175 கிராம் எடுத்து நன்றாகக் குழைய வேகவைத்தது. தோல் நீக்கி, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிச் சதை கால் கிலோ. ஒரு முட்டை வேகவைத்தது, நாமக்கல் முட்டை நம்மூரில் கிடைக்காத கடையில்லை. அரசாணிக்காய் (பரங்கிக்காய்) தோல் சீவி, விதை எடுத்து, வேகவைத்து மசித்தது 100 கிராம். இரண்டு டீஸ்பூன் எண்ணெய். முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக அரைத்து அரை டீஸ்பூன், சுண்ணாம்புச் சத்துக்கு. வாரம் ஒருநாள் சதையைக் குறைத்து 50 கிராம் வெந்த ஈரல். உப்பு, காரம், மசாலா கிடையாது. இரண்டு வேளையாகப் பிரித்து, ஆறிய பின் வட்டலில் வையுங்கள். இதிலும் துத்தநாகம், வைட்டமின் போன்றவை முழுசாகச் சேராது. நாய்க்கென்றே இருக்கும் சத்துக் கலவை எது, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுச் சேருங்கள். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை அள்ளிப் போடாதீர்கள். அரசாணிக்காய் கிடைக்காத நாளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு போடுங்கள், அல்லது ஒரு டீஸ்பூன் இசப்கோல் உமியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலந்துவிடுங்கள்.

ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுத் தீனி, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள். நார் நல்லது என்று காயை அள்ளிக் கொட்டினாலும் வயிறு ஊதி மறுபடி இளகும். வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பு அதிகமானால் மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டியாகி முக்க வைக்கும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படாவிட்டால் கம்பையும் எண்ணெயையும் குறையுங்கள். குண்டு நாய்க்குப் பை சரியாக வடிவதில்லை.

அந்த ஆறாயிரம் ரூபாய் மூட்டைக்கு வருவோம். ‘நாய் ஓநாய் சாதி, தானியம் ஆகாது’ என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். ஓநாயை விட நாயிடம் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நகல்கள் பல மடங்கு அதிகம் என்று 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறைத்த இந்த வகைத் தீவனங்களுக்கும் நாய்களின் இதயம் விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்புண்டா என்று 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரணை தொடங்கியதாக அறிவித்தது. காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. முடிவாகாத ஒன்றுக்கு ஆறாயிரம் கொடுக்கும் அவசியம் உங்களுக்கு இல்லை. தயார் தீவனம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினால் தானியம் சேர்ந்த நல்ல தீவனமாக, சீல் உடைக்காத பையாக வாங்குங்கள். மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் கட்டித் தருவதை வாங்காதீர்கள். கொழுப்பு காறிப்போயிருக்கும், காலாவதித் தேதியும் தெரியாது.

ஆட்டு மருந்து விஷயம். எதை ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. அல்பெண்டசோல் என்றால் நாயின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக் கூடியது. குளோசன்டல் என்றால் அளவு மீறியதும் கண் போகும். பாட்டிலை டாக்டரிடம் காட்டுங்கள், இனி ஊற்றாதீர்கள். பூச்சி என்று நினைத்ததில் தப்பில்லை, நாடாப்புழு இருந்தாலும் நாய் இப்படித்தான் தேய்க்கும். வாலடி முடியில் வெள்ளரி விதை போன்ற துண்டுகள் நெளிகின்றனவா, காய்ந்து அரிசியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு மருந்து பிராசிகுவான்டல், 10 கிலோ எடைக்கு 50 மில்லிகிராம். அந்தப் புழுவைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி, அதை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மாதத்தில் திரும்பிவிடும்.

இதோடு சேர்ந்ததுதான் சுற்றிச் செத்த குட்டிகள். அவற்றின் தலையை என்ன செய்தீர்கள்? நாய் தின்றிருந்தால், மூளையில் இருந்த நீர்க்கட்டி நாயின் குடலில் வேறொரு வகை நாடாப்புழுவாகி, அதன் முட்டை கொறங்காட்டுப் புல்லில் விழுந்து, மேயும் அடுத்த குட்டியின் மூளைக்குப் போகும். சுற்றுவதற்கு லிஸ்டீரியா கிருமி போன்ற வேறு காரணங்களும் உண்டு, அதனால் இனி ஒன்று செத்தால் பிரேதப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். ஆனால் நாய் இருக்கும் பட்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கிடாவெட்டு நாளில் வீசும் ஈரலிலும் நுரையீரலிலும் இன்னொரு வகை நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கலாம். அது நாய் வழியாக மனிதனின் ஈரலுக்கே வந்து சேரும். பச்சை ஆட்டு உறுப்பு எதையும் நாய்க்குப் போடாதீர்கள், செத்த ஆட்டை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். ஆட்டுக் கழிவில் வாய் வைக்கும் நாய்க்கு 6 வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டல் கொடுக்க வேண்டும். கொடுத்து மூன்று நாள் கட்டிப்போட்டு, அந்த மலத்தைப் புதைத்துவிடுங்கள்.

தீனி மாற்றி மலம் இறுகிய பிறகும் தேய்த்தால், பாதத்தை நக்குகிறதா, காது சிவந்து நாறுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒவ்வாமையாக இருக்கலாம். நாலு வருசம் தின்ற கோழியே ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். கோழி, முட்டை, மோர் எல்லாவற்றையும் நிறுத்தி, வெந்த ஆட்டுச் சதையும் கம்பும் மட்டும் 8 வாரம். இடையில் ஒரு பிஸ்கட் விழுந்தாலும் கணக்குத் தப்பிவிடும்.

ஆபரேசன் கடைசி வழி. அந்தப் பைகளைச் சுற்றித்தான் மலத்தை அடக்கும் தசையும் நரம்பும் ஓடுகின்றன, கை தவறினால் ஆயுசுக்கும் மலம் ஒழுகும். கடையில் இருப்பவர் பேச வேண்டிய பேச்சே அல்ல அது. பையில் கல்லாக ஒரு கட்டி தட்டுப்பட்டாலோ, நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ புற்றாக இருக்கலாம், அப்போது ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அப்படி எதுவும் இல்லாமல், இரண்டு மாதம் ஒழுங்காகத் தீனி வைத்தும் பை நிறைந்துகொண்டே இருந்தால், நாமக்கல் அல்லது உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். அன்று காலைக் கழித்த மலத்தை மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், கழிவை நிறுத்தி எத்தனை நாளாகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.