பழைய ஜீப்புக்கு ஃபைபர் மட்கார்டு

கேள்வி: என் பழைய ஜீப்பின் முன் மட்கார்டு துருப்பிடித்துவிட்டது. அதை வைத்தே வீட்டில் அச்சு எடுத்து, ஃபைபர் கிளாஸில் புதிது செய்ய முடியுமா? – வாசகர், ஏற்காடு.

பதில்: முடியும். ஆனால் மூலப் பாகத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் அச்சில் அப்படியே பதியும் என்பதால், ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, வாட்டர் பேப்பரால் வழவழப்பாகத் தேய்த்து, மெழுகைப் பலமுறை பூசித் துடைத்து, அதன்மேல் அச்சு ஒட்டாமல் பிரிய உதவும் பி.வி.ஏ. திரவத்தை மெல்லிய படலமாகப் பூசி உலரவிடுங்கள். பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். விளைவு, அச்சும் பாகமும் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். மட்கார்டின் ஓரம் உட்புறமாக மடிந்திருந்தால் ஒற்றை அச்சு கழன்று வராது. போல்ட் போட்டு இணைக்கும்படி இரு துண்டுகளாகச் செய்ய வேண்டும்.

இப்படித் தயாரான மட்கார்டின் மேல் ஜெல்கோட் (அச்சின் வழவழப்பான மேற்பரப்பாக அமையும் கெட்டியான ரெசின்) பூசி, அது விரலில் ஒட்டி வராத பிசுபிசுப்பான நிலையை அடைந்ததும், பாலியெஸ்டர் ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) முதலில் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட்டையும் (கண்ணாடி இழை விரிப்பு), பிறகு 450 கிராம் மேட்டையும் குமிழியின்றி உருளையால் அழுத்திப் படியவையுங்கள். எல்லா அடுக்குகளையும் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி அச்சு கோணிவிடும்.

சேலத்து வெயிலில், ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர், ரெசின் எடையில் 1 சதவீதமே போதுமானது. ஏற்காட்டுப் பனியில் ரெசின் இறுகத் தாமதமாகும். அதற்காக ஹார்ட்னரை அள்ளி ஊற்றாமல், வெயில் ஏறிய பின் வேலையைத் தொடங்குங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியே வாங்கினால், அதை முதலில் ரெசினில் முழுமையாகக் கலந்த பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள்.