கேள்வி–பதில்: ஆன்டிபாடி, புரத அளவீடு, வைஃபை – காப்புரிமைக்குப் பின்னால் இருக்கும் நுணுக்கங்கள்

சுண்டெலியின் மண்ணீரல் செல்களை எஸ்பி2/0 என்ற மைலோமா (புற்று) செல்களுடன் இணைத்து, ஆன்டிபாடி என்ற நோயெதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் ஹைப்ரிடோமா செல்களைத் தயாரிக்கிறோம். பன்னிரண்டாம் நாள் எலைசாவில் (ஆன்டிபாடி இருந்தால் நிறம் காட்டும் சோதனை) பளிச்சென்று நிறம் காட்டிய குழிகள், ஒரு மாதத்தில் ஒன்றுமே காட்டுவதில்லை. செல்கள் மட்டும் செழிப்பாக வளர்கின்றன. எங்கே தவறு?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

செல்கள் செழிப்பாக வளர்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. இரண்டு செல்கள் ஒன்றாகிப் பிறந்த ஹைப்ரிடோமாவில் குரோமோசோம்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கும். செல் பிரியப் பிரிய அவற்றில் சில உதிர்ந்துபோகும். ஆன்டிபாடி மரபணு இருந்த குரோமோசோமை இழந்த செல்லுக்குச் சுரக்கும் வேலை இல்லை, அதனால் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். ஒரே குழியில் இரண்டு வகையும் இருந்தால், சில வாரங்களில் சுரக்காத கூட்டம் குழி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

எனவே எலைசாவில் நிறம் தெரிந்ததும் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே ஒற்றைச் செல்லாகப் பிரியுங்கள். டிரைபான் நீலம் (செத்த செல்லில் மட்டும் ஏறும் சாயம்) போட்டு உயிருள்ள செல்களை மட்டும் எண்ணுங்கள். 20 மி.லி. ஊடகத்தில் 30 செல்கள் இருக்கும்படி நீர்க்கச் செய்து, 96 குழித் தட்டில் குழிக்கு 0.2 மி.லி. ஊற்றினால் சராசரியாகக் குழிக்கு 0.3 செல் வரும். இந்தக் கணக்குச் சரியாக அமைந்தால் 25 குழிகளில்தான் வளர்ச்சி தெரியும். அவற்றில் 21, 22 குழிகள் ஒற்றைச் செல்லிலிருந்து வந்தவையாக இருக்கும். 50 குழிகளில் வளர்ச்சி கண்டால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று பொருள். அந்தத் தட்டை நம்பாதீர்கள். வளர்ந்த குழிகள் எல்லாமே எலைசாவில் நிறம் காட்டும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். குறைந்தது இரண்டு சுற்று ஆகும்.

இப்படி ஒற்றைச் செல்லாகப் பிரிக்கும் குளோனிங் நடக்கும்போதே, மூலக் குழியின் செல்களை 24 குழித் தட்டுக்கு மாற்றிப் பெருக்கி, 90 சதவீதம் கன்றுக்குட்டிச் சீரம், 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) கலவையில் உறையவையுங்கள். நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். குளோனிங் பாழானாலும் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும்.

இணையாத மைலோமா செல்களைக் கொல்ல அமினோப்டெரின் என்ற மருந்தும், ஹைப்ரிடோமா பிழைக்க ஹைப்போசாந்தின், தைமிடின் என்ற பொருள்களும் கலந்த ஹெச்.ஏ.டி. ஊடகத்தை நிறுத்தும் விதத்தையும் சரிபாருங்கள். செல்லுக்குள் அமினோப்டெரின் சில நாள் தங்கும். நேரே சாதாரண ஊடகத்துக்கு மாற்றினால் நல்ல செல்களும் சாகும். இடையில் ஓரிரு வாரம் ஹைப்போசாந்தினும் தைமிடினும் மட்டும் உள்ள ஊடகத்தில் வையுங்கள். மாறாக, இணைத்த உடனேயே எல்லாம் செத்துப்போகிறது என்றால் முதலில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். சில வகை மைக்கோபிளாஸ்மாக்கள் ஊடகத்திலுள்ள தைமிடினைச் சிதைத்துவிடும். அது இல்லாமல் அமினோப்டெரினை எந்த ஹைப்ரிடோமாவும் தாங்காது.

இந்த முறைக்கு யாருக்காவது காப்புரிமைத் தொகை கட்ட வேண்டுமா?
– அதே மாணவி

வேண்டாம். கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் கோலரும் மில்ஸ்டைனும் இதை 1975 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். அவர்கள் செல்களை இணைத்தது இன்று வழக்கமான பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளால் அல்ல, செயலிழக்கச் செய்த செண்டாய் வைரஸால். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்கு மில்ஸ்டைன் தகவல் கொடுத்தும் யாரும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. கட்டுரை அச்சாகிவிட்டதால் அதற்குப் பிறகு அங்கே வழியும் இல்லை. 1984-ல் இருவரும் நீல்ஸ் யெர்னேயுடன் நோபல் பரிசு பெற்றார்கள். உலகெங்கும் ஆய்வகங்கள் இந்த முறையைத் தடையில்லாமல் எடுத்துக்கொண்டதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அப்படியானால் ஆன்டிபாடியில் பெரும் பணம் ஈட்டிய காப்புரிமை எது?
– மருந்தாளுநர், மதுரை

அமெரிக்காவில் ‘கேபிலி’ என்ற பெயரில் அறியப்படும் காப்புரிமைகள். ஜெனென்டெக் நிறுவனத்துக்கும் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்துக்கும் உரியவை. ஆன்டிபாடியில் கனச் சங்கிலி, லேசான சங்கிலி என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. இரண்டின் மரபணுக்களையும் ஒரே செல்லுக்குள் செலுத்தி, இரண்டையும் அங்கேயே தயாரிக்கச் செய்வதுதான் இரண்டாவது கேபிலி காப்புரிமையின் சாரம். மரபணுப் பொறியியலில் ஆன்டிபாடி மருந்து தயாரிக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் இந்த வாசலைக் கடந்தே போக வேண்டியிருந்தது.

விண்ணப்பம் போட்டது 1983-ல். செல்டெக் நிறுவனத்துடன் ‘யார் முதலில்’ என்ற வழக்கு நீண்டதால் இரண்டாவது காப்புரிமை 2001 டிசம்பரில்தான் கிடைத்தது. 1995 ஜூனுக்கு முன் விண்ணப்பித்தவற்றுக்கு, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு என்பது அன்றைய அமெரிக்க விதி. அதனால் 2018 டிசம்பர்வரை அது உயிரோடு இருந்தது. இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு என்று எண்ணுகிறோம், இங்கே தாமதம் விண்ணப்பதாரருக்குத்தான் நஷ்டம்.

இதோடு 2023 மே மாதம் வந்த ஆம்ஜென் – சனோஃபி தீர்ப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் மருந்து தொடர்பான வழக்கு அது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி அதன் வேலையைத் தடுக்கும் ஆன்டிபாடி எதுவானாலும் தனக்கே உரியது என்று ஆம்ஜென் கோரியது. ஆவணத்தில் அமினோ அமில வரிசை கொடுத்திருந்ததோ 26 ஆன்டிபாடிகளுக்கு மட்டும். மற்றவற்றை மறுபடி மறுபடி முயன்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அது கற்பித்ததாகாது என்று கூறி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் கோரலைத் தள்ளியது. ஒரு கண்டுபிடிப்பாளர் எவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்கிறாரோ அவ்வளவுக்குத்தான் உரிமை. இது மிகச் சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

செல் சாற்றில் பி.சி.ஏ. என்ற வேதிப்பொருளின் நிறமாற்றத்தைக் கொண்டு புரதம் அளக்கிறோம். புரதமே இல்லாத வெற்றுக் குழியும் ஊதா நிறமாகிறது.
– ஆய்வக உதவியாளர், வேலூர்

உங்கள் பஃபரில் (செல் சாறு இருக்கும் கரைசலில்) டி.டி.டி. அல்லது மெர்காப்டோஎத்தனால் என்ற ஒடுக்கும் பொருள்கள் இருக்கின்றனவா பாருங்கள். பியர்ஸ் நிறுவனத்தில் உருவாகி 1985-ல் வெளியான இந்த முறையில், காரச் சூழலில் புரதம் இரட்டை நேர் மின்னூட்டம் கொண்ட தாமிர அயனியை ஒற்றை நேர் மின்னூட்டம் கொண்டதாக ஒடுக்குகிறது. அப்படி வந்த தாமிர அயனியை இரண்டு பி.சி.ஏ. மூலக்கூறுகள் பிடித்துக்கொள்ள, 562 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் ஊதா பிறக்கிறது. டி.டி.டி.யும் அதே ஒடுக்கும் வேலையைச் செய்யும், புரதத்துக்காகக் காத்திருக்காது. 1 மில்லிமோலார் அளவைத் தாண்டினால் அளவீட்டை நம்ப முடியாது. இ.டி.டி.ஏ. இதற்கு நேர்மாறு: தாமிரத்தையே பறித்துக்கொண்டு நிறத்தைக் குறைக்கும். 10 மில்லிமோலாருக்கு மேல் போகக் கூடாது.

சாற்றில் புரதம் நிறைய இருந்தால் நீர்க்கச் செய்வதே எளிது. குறைவாக இருந்தால், ஒரு பங்கு சாற்றுக்கு நான்கு பங்கு குளிர்ந்த அசிட்டோன் சேர்த்து மைனஸ் 20 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். 13,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 13,000 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தைக் கொட்டி, படிவை அரை மணி நேரம் உலரவிடுங்கள். அதற்கு மேல் காய்ந்தால் கரையாது. டி.டி.டி. இல்லாத பஃபரில் கரைத்து அளக்கலாம்.

நிறம் தரும் கலவைக்கு, பி.சி.ஏ. உள்ள ஏ கரைசல் 50 பங்கு, தாமிரம் உள்ள பி கரைசல் 1 பங்கு. குழிக்கு 25 மைக்ரோலிட்டர் மாதிரி, 200 மைக்ரோலிட்டர் கலவை. 37 டிகிரியில் 30 நிமிடம். இந்த வினை ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை, நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே அறை வெப்பநிலைக்கு வந்ததும் பத்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள். ஒப்பீட்டு வரைபடத்துக்கான பி.எஸ்.ஏ.வையும் (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) மாதிரி இருக்கும் அதே பஃபரில் கரையுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கூமாசி சாயத்தால் அளக்கும் பிராட்ஃபோர்டு முறைக்கு மாற நினைத்தால் டி.டி.டி. தொல்லை இல்லை. ஆனால் எஸ்.டி.எஸ். போன்ற சோப்புப் பொருள்கள் கெடுக்கும். அளப்பது ஆன்டிபாடி என்றால் பி.எஸ்.ஏ.வை ஒப்பீடாக வைக்காதீர்கள். கூமாசி சாயத்தில் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய இரு மடங்கு நிறம் தரும், அதனால் உங்கள் ஆன்டிபாடி பாதிதான் இருப்பதாகக் கணக்கு வரும். மாட்டு காமா குளோபுலினை வையுங்கள்.

டனாகா தவறுதலாகக் கலந்த கரைசலால் நோபல் பெற்றார் என்பது உண்மையா?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

உண்மை. ஜப்பானின் ஷிமட்சு நிறுவனப் பொறியாளர் கொய்ச்சி டனாகா, நுண்ணிய கோபால்ட் தூளில் அசிட்டோனுக்குப் பதில் கிளிசரினை ஊற்றிவிட்டார். கொட்டாமல் லேசர் அடித்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறு உடையாமல் அயனியானது; அப்படி ஆனால்தான் கருவியில் அதன் எடையை அளக்க முடியும். 1985-லேயே நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 2002-ல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஜான் ஃபென் ஒருவர். பெரிய மூலக்கூறுகளை அயனியாக்கும் இன்னொரு வழியான எலக்ட்ரோஸ்பிரே முறையை அவர் தன் பெயரில் காப்புரிமை செய்துகொள்ள, யேல் பல்கலைக்கழகத்துடன் வழக்கானது. 2005-ல் தீர்ப்பு யேலுக்குச் சாதகமாக வந்தது. ஃபென் செலுத்த வேண்டியது பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

வைஃபையைக் கண்டுபிடித்தவர் நடிகை ஹெடி லமார் என்று படித்தேன். சரியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெயிலும் 1942 ஆகஸ்ட் 11 அன்று பெற்ற காப்புரிமை, ரேடியோவால் வழிநடத்தும் டார்பிடோக்களை (நீருக்குள் பாயும் குண்டுகளை) எதிரி குழப்பாமல் இருக்க அலைவரிசையைத் தாவித் தாவி மாற்றுவது பற்றியது. பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள். இந்தத் தாவல் என்ற எண்ணத்துக்கு நெருக்கமானது புளூடூத்: 79 தடங்களில் நொடிக்கு 1,600 முறை தாவும். இன்றைய வைஃபை வேறு வழியில் போகிறது.

அந்த வழியில் முக்கியமான காப்புரிமை ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வுடையது, அமெரிக்காவில் 1996 ஜனவரியில் கிடைத்தது. ஜான் ஓ’சல்லிவனின் குழு வானொலி வானியல் பின்னணியிலிருந்து வந்தது. அறைக்குள் ரேடியோ அலை சுவர், பீரோ, கூரை என்று மோதி வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். வேகமாக அனுப்பினால் ஒரு துடிப்பின் எதிரொலி அடுத்த துடிப்பின் மேல் விழும். அவர்களுடைய தீர்வு, ஒரே வேகமான ஓடையைப் பல மெதுவான ஓடைகளாகப் பிரித்து வெவ்வேறு அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்புவது. கூடவே பிழை திருத்தும் குறியீட்டையும் தரவைக் கலைத்து அடுக்குவதையும் சேர்ப்பது. 1999-ன் 802.11ஏ என்ற வைஃபை தரத்தில் 52 துணை அலைகள் உண்டு. ஒவ்வொரு குறியும் 4 மைக்ரோநொடி நீளும், அதில் 0.8 மைக்ரோநொடி எதிரொலி அடங்குவதற்கான இடைவெளி. அந்த நேரத்தில் அலை 240 மீட்டர் ஓடும். அவ்வளவு சுற்றி வரும் எதிரொலியையும் வீட்டுக்குள் தாங்கிக்கொள்ளலாம். 2013-ல் காலாவதியாகும் முன் இது 43 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்கு ஈட்டியது.

புதிய ஆன்டிபாடி ஒன்றை உருவாக்கிக் கருத்தரங்கில் கட்டுரை படித்துவிட்டேன். இனி காப்புரிமை கிடைக்குமா?
– பேராசிரியர், சேலம்

அறிஞர் சங்கத்தின் முன் படித்த கட்டுரையானால், இந்தியச் சட்டத்தின் 31-ம் பிரிவு 12 மாத அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. அடுத்த முறை முதலில் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரணத்தைப் போட்டுவிட்டு மேடையேறுங்கள். முழு விவரணம் 12 மாதத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஆன்டிபாடியை அது எதில் ஒட்டுகிறது என்று மட்டும் விவரித்து விட்டுவிடாதீர்கள். இரு சங்கிலிகளின் மாறும் பகுதிகளையும் வரிசைப்படுத்திக் கொடுங்கள். இதில் ஒரு பொறி உண்டு: சில மைலோமா செல்கள் பயனற்ற ஒரு லேசான சங்கிலி ஆர்.என்.ஏ.வைத் தாங்களே தயாரிக்கும். பி.சி.ஆரில் உங்களுடையதைவிட அதுவே அதிகமாகப் பெருகி வரும். கிடைத்த வரிசையின் நடுவில் நிறுத்தற்குறிக் கோடான் (புரதத் தயாரிப்பை நிறுத்தச் சொல்லும் மரபுக் குறி) தெரிந்தால் அது உங்கள் ஆன்டிபாடி அல்ல. இன்னும் பல குளோன்களை எடுத்துப் படியுங்கள்.